ரோட்ரிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது: மான்செஸ்டர் சிட்டியிடம் மாற்று ஆள் எங்கே?

மேற்குமாடி
27 செப்டம்பர் 2024, இரவு 10.12

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பயந்துகொண்டிருந்தது உறுதியாகிவிட்டது. நடுக்கள ஆட்டக்காரர் ரோட்ரிக்கு அறுவை சிகிச்சை முடிந்தது, இந்த சீசனில் இனி ஆட மாட்டார் என்று சிட்டியின் பயிற்சியாளர் பெப் குவார்டியோலா இன்று சொல்லிவிட்டார். முழங்கால் ஜவ்வோடு உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் சேதமாகியிருக்கிறது. ஆர்சனலுக்கு எதிராக அரை மணி நேரம்கூட ஆடவில்லை. ஒரு கார்னரில் தாமஸ் பார்ட்டேயோடு மோதி விழுந்தவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டார், ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. பிரீமியர் லீக்கில் இந்த சீசனில் அவர் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய முதல் ஆட்டம் அது.

இவர் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். லீக் தொடங்கும் முன்பே ஆஸ்கார் பாப் பயிற்சியில் காலை முறித்துக்கொண்டார். நேதன் அக்கே நெதர்லாந்துக்கு ஆடப் போய் ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தார். டி புருய்ன, இன்டர் மிலான் ஆட்டத்தில் இடைவேளையோடு நின்றுவிட்டார். ஃபோடன் உடல்நலக்குறைவிலிருந்து இப்போதுதான் மீண்டு வருகிறார். செப்டம்பர் இன்னும் முடியவில்லை!

ஜனவரியில்தான் புதிய ஆளை வாங்க முடியும். அதுவரை தடுப்பாட்டத்துக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை இடத்தை யாரை வைத்து ஓட்டுவது? கோவாசிச், குண்டோகன், பெர்னார்டோ, ஸ்டோன்ஸ், ரிக்கோ லூயிஸ் என்று ஐந்து பெயர்கள் என் மனதில் இருக்கின்றன. ஒன்றுகூடத் திருப்தி தரவில்லை. நீங்கள் பயிற்சியாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

---

ஆன்ஃபீல்டு அன்பன்
27 செப்டம்பர் 2024, இரவு 10.30

முதலில் ரோட்ரி நலம்பெற வேண்டும். எதிரணி ஆட்டக்காரராக இருந்தாலும் அவர் விழுந்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, சிட்டி ரசிகர்கள் “ஆள் இல்லை” என்று அழுவதைப் பார்ப்பதற்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் தெரியுமா?

---

தடுப்புச்சுவர்
27 செப்டம்பர் 2024, இரவு 11.05

மேற்குமாடி, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த இடத்துக்கு மாற்று ஆளாக ஒருவரை 2022இலேயே வாங்கினார்களே, அவர் எங்கே?

கால்வின் ஃபிலிப்ஸ். லீட்ஸ் அணியிலிருந்து 4 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து அழைத்து வந்தார்கள். அவர் தொடக்க 11 பேரில் இருந்த ஆட்டங்களை விரல்விட்டு எண்ணலாம். 2024 ஜனவரியில் வெஸ்ட் ஹாமுக்கு இரவல், இந்த ஆகஸ்டில் இப்ஸ்விச்சுக்கு இரவல். இன்று ரோட்ரி படுத்துவிட்டார், ரோட்ரியின் மாற்று ஆள் இப்ஸ்விச்சில் இருக்கிறார். ஃபிலிப்ஸ் சரிப்படவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். சரிப்படவில்லை என்று தெரிந்தபின் இரண்டு டிரான்ஸ்ஃபர் காலங்கள் கடந்தன. அந்த இடத்துக்கென்று வேறொருவரை வாங்கவில்லை. பார்சிலோனாவிலிருந்து 33 வயது குண்டோகனை இலவசமாக அழைத்துக்கொண்டார்கள். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் எதிர்த்தாக்குதலில் பின்னோக்கி ஓடித் துரத்துகிற கால்கள் அவருக்கு இனி இல்லை.

போன சீசனில் சிட்டி லீக்கில் மூன்றே முறைதான் தோற்றது. வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்று ஆட்டத்திலும் ரோட்ரி தடையில் இருந்தார். இதைவிடத் தெளிவாக ஓர் எச்சரிக்கை எந்த அணிக்குக் கிடைக்கும்?

---

வியாசர்பாடி 10
28 செப்டம்பர் 2024, காலை 7.20

அண்ணா, ஒரு சந்தேகம். பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியல் என்கிறார்களே, அப்படியிருக்க எப்படி ஆள் பற்றாக்குறை வருகிறது? எங்கள் பக்கம் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு 10 பேர் சேர்ந்தாலே பெரிய விஷயம்.

---

கணக்குப்பிள்ளை
28 செப்டம்பர் 2024, காலை 9.45

தம்பி, 25 என்பது உச்சவரம்பு. அத்தனை பேரை வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதிலும் 17 பேருக்கு மேல் வெளியில் வளர்ந்தவர்கள் இருக்கக் கூடாது. மீதி இடங்கள் இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்புகளில் வளர்ந்தவர்களுக்கு. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் பட்டியலுக்கு வெளியே எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். ரிக்கோ லூயிஸ், சாவின்யோ, பாப் எல்லோரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

குவார்டியோலா எப்போதுமே சிறிய அணியை விரும்புகிறவர். கூட்டம் அதிகமானால் ஆட வாய்ப்புக் கிடைக்காதவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள், பயிற்சியின் தரம் குறையும் என்பது அவர் கொள்கை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டியலும் கட்டுக்குள் இருக்கும்.

இந்தக் கோடையின் கணக்கைப் பாருங்கள். ஜூலியன் ஆல்வாரெஸ் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்குப் போனார். கூடுதல் தொகைகளைச் சேர்த்தால் 8 கோடி பவுண்டைத் தாண்டும். ஒரு வருடத்துக்கு முன் கோல் பால்மர் 4 கோடிக்குச் செல்சிக்குப் போனார். வரவுப் பக்கம் அழகாக இருக்கிறது. ஆல்வாரெஸின் இடத்துக்கு இன்னொரு ஸ்ட்ரைக்கரை வாங்கவில்லை. ஹாலண்ட் இப்போது ஐந்து லீக் ஆட்டத்தில் 10 கோல் போட்டிருப்பதால் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை.

---

ஐஸ்கட்டி
28 செப்டம்பர் 2024, இரவு 8.50

இயன்முறை மருத்துவராக ஒரு வேண்டுகோள். கடந்த ஒரு வாரமாக எல்லா இடத்திலும் “சோர்வினால்தான் ரோட்ரியின் முழங்கால் போனது” என்று எழுதுகிறார்கள். போன சீசனில் நாட்டுக்கும் கிளப்புக்குமாக 63 ஆட்டங்கள் ஆடினார், யூரோ கோப்பை இறுதியாட்டத்தில் தொடைக் காயத்தோடு இடைவேளையில் வெளியேறினார். காயம் படுவதற்குச் சில நாள் முன்பு, ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்துக்கு நெருங்கிவிட்டார்கள் என்று அவரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். கதைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது.

ஆனால் ஜவ்வுக் காயத்துக்கு அப்படி ஒரே காரணம் காட்ட முடியாது. பூட்ஸ் ஆணி புல்லில் பதிந்திருந்தது, உடல் திரும்பியது, கூடவே மோதல். புத்துணர்ச்சியோடு இருக்கும் ஒருவருக்கும் இது நடக்கும். சோர்வு வாய்ப்பைக் கூட்டலாம். இந்தக் குறிப்பிட்ட முழங்காலுக்கு அதுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் கையெழுத்துப் போட மாட்டார்.

வேலைப்பளுவின் விளைவு பச்சையாகத் தெரிவது தசைக் காயங்களில்தான். குறிப்பாகத் தொடையின் பின்பக்கத் தசை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ 2001 முதல் பெரிய கிளப்புகளில் நடத்திவரும் காய ஆய்வு இருக்கிறது. எல்லாக் காயங்களிலும் இந்தத் தசைக் காயத்தின் பங்கு 2001-02இல் 12 விழுக்காடு. 2021-22இல் 24 விழுக்காடு. ஆட்டத்தின் வேகம் கூடியிருக்கிறது, வேக ஓட்டங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, இடைவெளி குறைந்திருக்கிறது.

ஆகவே ரோட்ரிக்காக வருத்தப்படுங்கள். சிட்டிக்காகப் பயப்பட வேண்டுமென்றால், அவர் இல்லாததால் யார் யார் எத்தனை நிமிடம் கூடுதலாக ஆடப்போகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த காயங்கள் அங்கிருந்துதான் வரும்.

---

மேற்குமாடி
28 செப்டம்பர் 2024, இரவு 9.30

இன்று நியூகாசிலோடு 1-1. கோவாசிச்சைத்தான் குவார்டியோலா அந்த இடத்தில் வைத்தார். மோசமில்லை. ஐஸ்கட்டி அக்கா சொன்னது எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது, ஆனாலும் அக்டோபரில் பெரிய ஆட்டங்கள் இல்லை. சமாளித்துவிடுவோம்.

---

ஆன்ஃபீல்டு அன்பன்
6 அக்டோபர் 2024, காலை 11.15

எங்கள் லிவர்பூல் வீட்டிலும் அடி விழுந்துவிட்டது. நேற்று கிரிஸ்டல் பேலஸில் கோல்கீப்பர் அலிசன் தொடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் எனக்குத் தூக்கம் கெடவில்லை, ஏனென்றால் கேலஹர் இருக்கிறார். பல கிளப்புகளில் முதல் கோல்கீப்பராக இருக்கக்கூடியவர்.

தடுப்புச்சுவர் சொன்ன விஷயத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. எங்களுக்கும் கோடையில் அதே இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. சுபிமெண்டியை அழைத்தோம், அவர் ரியால் சோசியேதாதிலேயே இருந்துகொள்கிறேன் என்றார். எல்லோரும் தலையில் கைவைத்தோம். பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட் வீட்டுக்குள்ளேயே தேடி கிராவன்பெர்க்கை அங்கே நிறுத்தினார். வருகிறவர் எல்லோரையும் கடந்து பந்தோடு திரும்பிப் போகிறார் மனிதர். ஆள் பலம் என்றால் எப்போதும் சந்தையில்தான் வாங்க வேண்டுமா?

---

தடுப்புச்சுவர்
6 அக்டோபர் 2024, மாலை 4.40

கிராவன்பெர்க்குக்கு 22 வயது, முழு ஆகஸ்டும் அந்த இடத்திலேயே தொடர்ந்து ஆடினார். அதைக் கவனியுங்கள். சிட்டியில் அந்த இடத்தை நிரப்புகிற கோவாசிச்சுக்கும் பெர்னார்டோவுக்கும் 30, குண்டோகனுக்கு இந்த மாதம் 34. வலதுபுறத் தடுப்பில் வாக்கருக்கும் 34. டி புருய்னவுக்கு 33. வயதானவர்கள் ஆடக்கூடாது என்று சொல்லவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை ஆடவைக்கக் கூடாது. ஒரு பெரிய கிளப்பின் பெஞ்சில் அனுபவம் இருக்கலாம், ஓட்டமும் இருக்க வேண்டும். சிட்டி பெஞ்சில் அனுபவம் மட்டும் நிரம்பி வழிகிறது.

ஆர்சனலையும் பாருங்கள். ஓடகார்ட் செப்டம்பர் தொடக்கத்தில் நார்வேக்கு ஆடிக் கணுக்காலை உடைத்துக்கொண்டதுபோலத் திரும்பி வந்தார். புதிதாக வாங்கிய மெரினோ முதல் பயிற்சியிலேயே தோளெலும்பை முறித்துக்கொண்டார். சிட்டியின் மைதானமான எட்டிஹாடில் ட்ரோசார்ட் வெளியேற்றப்பட்டபின் இரண்டாம் பாதி முழுவதும் 10 பேரோடு நின்று 98ஆவது நிமிடம்வரை தாக்குப்பிடித்தார்கள். தடுப்பு வரிசையில் இடத்துக்கு இரண்டு பேர் இருந்ததால்தான் அது முடிந்தது. அதே அணிக்கு முன்கள வரிசையில் அந்தப் பாதுகாப்பு இல்லை, அங்கே யாராவது விழுந்தால் பிறகு பேசுவோம்.

---

வியாசர்பாடி 10
6 அக்டோபர் 2024, இரவு 7.10

நாட்டு அணிக்கு ஆடப் போய்க் காயம் பட்டால் சம்பளம் யார் கொடுப்பார்கள்? கிளப்பா, நாடா?

---

கணக்குப்பிள்ளை
6 அக்டோபர் 2024, இரவு 8.25

கிளப்தான் கொடுக்கும். ஆனால் ஃபிஃபாவிடம் கிளப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. நாட்டு அணிப் பணியில் பட்ட காயத்தால் 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அதற்குப் பிந்தைய நாட்களுக்கான சம்பளத்தை ஃபிஃபா ஈடுசெய்யும். ஒரு காயத்துக்கு உச்சவரம்பு 75 லட்சம் யூரோ. மூன்று வாரக் காயம் என்றால் ஒரு காசு வராது, நஷ்டம் கிளப்புக்கே. தொடைத்தசைக் காயங்களில் பலவும் அந்த 28 நாளுக்குள்ளேயே ஆறிவிடும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பணம் ஆளைத் திருப்பித் தராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

---

ஆன்ஃபீல்டு அன்பன்
6 அக்டோபர் 2024, இரவு 9.02

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

---

நெறியாளர்
6 அக்டோபர் 2024, இரவு 9.20

சிட்டி மீதான நிதி விதிமீறல் புகார்களுக்கு, அதாவது அந்த 115 குற்றச்சாட்டுகளுக்குத் தனி இழை இருக்கிறது. எல்லா இழையிலும் அதைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம்.

---

மேற்குமாடி
10 நவம்பர் 2024, காலை 6.35

நான்கு தோல்வி, தொடர்ச்சியாக. லீக் கோப்பையில் டாட்டன்ஹாம், லீக்கில் போர்ன்மவுத், சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்போர்ட்டிங், நேற்று பிரைட்டன். குவார்டியோலாவின் பயிற்சியாளர் வாழ்க்கையிலேயே இப்படி நடந்ததில்லை என்கிறார்கள்.

டாட்டன்ஹாம் ஆட்டத்துக்கு முன் உடல் சூடேற்றும்போதே அகாஞ்சி விலகினார். ஆட்டத்தில் சாவின்யோவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். முடிந்ததும் குவார்டியோலா தன்னிடம் 13 பேர்தான் இருக்கிறார்கள் என்றார். லிஸ்பனில் டியாஸும் ஸ்டோன்ஸும் இல்லாமல், இன்னும் 19 வயது நிறையாத சிம்ப்சன்-பியூசியைத் தடுப்பின் நடுவில் நிறுத்தி, எதிரில் ஸ்போர்ட்டிங்கின் கியோகெரஸ். மூன்று கோல் போட்டார். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை பேர் ஒரே நேரத்தில் விழுந்தால் எந்த அணிதான் தாங்கும்? இது துரதிர்ஷ்டம் இல்லாமல் வேறென்ன?

---

தடுப்புச்சுவர்
10 நவம்பர் 2024, காலை 10.50

துரதிர்ஷ்டம் என்று ஒருமுறை சொல்லலாம். போர்ன்மவுத் ஆட்டத்தை மறுபடி பாருங்கள். இரண்டு கோலுமே போர்ன்மவுத்தின் கெர்கெஸ் இடதுபுறமாக ஓடிவந்து கொடுத்த பந்துகள். அந்தப் பக்கம் நின்றவர் காயத்திலிருந்து திரும்பிய 34 வயது வாக்கர். அவருக்கு முன்னால் நின்று அந்த ஓட்டத்தை முளையிலேயே வெட்ட வேண்டிய இடத்தில் ரோட்ரி இருந்திருப்பார். இப்போது கோவாசிச், குண்டோகன், பெர்னார்டோ மூவருமே பந்து தங்களிடம் இருக்கும்போது அழகாக ஆடுகிறவர்கள். பந்து போய்விட்டால் மூவருமே பின்னால் வருவதற்குள் ஆட்டம் அவர்களைத் தாண்டிவிடுகிறது.

ஒரே ஆளின் வேலையை மூன்று பேருக்குப் பங்கிட்டும் அந்த வேலை நடக்கவில்லை. மூன்று பேரும் தங்கள் சொந்த வேலையையும் விட்டுவிட்டார்கள். பெர்னார்டோ பின்னால் வந்ததால் முன்னே நெருக்கடி கொடுக்க ஆளில்லை. ஹாலண்டுக்குப் பந்து வருவதில்லை. ஹாலண்டை உட்காரவைக்கவும் முடியாது, ஏனென்றால் ஆல்வாரெஸ் மாட்ரிட்டில் இருக்கிறார். ஒரு முழங்காலில் தொடங்கியது இப்படி முன்வரிசைவரை போய்விட்டது. காயங்களைத் தடுத்திருக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம், அது இவ்வளவு தூரம் பரவியது அணியைக் கட்டிய விதத்தால்.

---

ஐஸ்கட்டி
10 நவம்பர் 2024, பிற்பகல் 2.15

13 பேர் என்ற எண்ணை எங்கள் தொழிலில் எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன், சற்று நீளமாக.

தொடைத்தசை கிழிந்த ஒருவர் வலியில்லாமல் நடக்கத் தொடங்கிவிடுவார், மெதுவாக ஓடுவார், பந்தைத் தட்டுவார். இதற்குள் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். ஆனால் அந்தத் தசை ஆட்டத்தில் சந்திக்கப்போவது முழு வேக ஓட்டம், திடீரென நிற்பது, கால் நீட்டிப் பந்தை எட்டுவது. ஆகவே அவர் பயிற்சியில் தன் உச்ச வேகத்துக்கு மிக அருகில் பலமுறை ஓடி, மறுநாள் காலை தசை எப்படி இருக்கிறது என்று பார்த்து, அணியோடு முழுப் பயிற்சி சில முறை செய்து, பிறகு 20 நிமிடம், பிறகு 45 நிமிடம் என்று போக வேண்டும். இந்தக் கடைசிப் படிகள் சில ஆட்டங்களை விழுங்கிவிடும். ஆள் குறைவாக இருக்கும் அணியில் முதலில் வெட்டப்படுவது இந்தக் கடைசிப் படிகள்தான். ஆள் வந்துவிட்டார், தொடக்கத்திலேயே போடு! அதே தசை மறுபடி கிழிகிறது. இரண்டாவது கிழிசல் பெரும்பாலும் முதலாவதைவிட மெதுவாகத்தான் ஆறும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளப்பில் பயிற்சியாளர் தினமும் காலையில் ஒரே கேள்வி கேட்பார்: “சனிக்கிழமை ஆடுவாரா?” ஆம் அல்லது இல்லை. “40 நிமிடம் ஆடலாம்” என்ற விடையை அவர் காதில் வாங்கியதே இல்லை, ஏனென்றால் 40 நிமிடத்துக்குப் பிறகு போட அவரிடம் ஆள் இல்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் அங்கே நம்பிக்கையான முகம் ஒன்றுமில்லை.

பெஞ்சில் நம்பிக்கை எப்படி வரும்? ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போது அவர்களுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும். இப்போது ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம். குவார்டியோலா அந்த ஐந்தையும் பயன்படுத்தாமலே பல ஆட்டங்களை முடிப்பவர். ஒருவருடைய உடல் ஆட்டத்துக்குத் தயாராவது ஆட்டத்தில்தான். பயிற்சி மைதானத்தில் எவ்வளவு ஓடினாலும் அது முழுதாக வராது. நவம்பரில் திடீரென மூன்று ஆட்டம் தொடர்ந்து ஆட வேண்டி வந்தால் அவருடைய தசையும் போகும்.

---

வியாசர்பாடி 10
10 நவம்பர் 2024, இரவு 8.00

அக்கா, இதை எங்கள் கோச்சுக்கு அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

---

மேற்குமாடி
24 நவம்பர் 2024, காலை 1.10

டாட்டன்ஹாமிடம் 0-4. சொந்த மைதானத்தில். 52 ஆட்டமாக எட்டிஹாடில் தோற்காமல் இருந்தோம். ஸ்டோன்ஸ் திரும்பி வந்தார், இடைவேளையில் மறுபடி வெளியே போனார். கோவாசிச் நாட்டு அணி இடைவெளியில் காயப்பட்டுவிட்டார். அக்கா எழுதியதை வரிக்கு வரி திரையில் பார்த்ததுபோல இருந்தது.

இரண்டு நாள் முன்புதான் குவார்டியோலா இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார் என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

---

ஆன்ஃபீல்டு அன்பன்
24 நவம்பர் 2024, காலை 8.30

அடுத்த ஞாயிறு ஆன்ஃபீல்டுக்கு வருகிறீர்கள். இனிப்பை நாங்கள் வாங்கி வைக்கிறோம்.

---

கணக்குப்பிள்ளை
27 டிசம்பர் 2024, மாலை 6.00

ஏட்டில் எழுதி வைப்போம். அக்டோபர் 30 டாட்டன்ஹாம் ஆட்டத்திலிருந்து நேற்று எவர்ட்டனோடு 1-1 வரை எல்லாப் போட்டிகளிலும் 13 ஆட்டங்கள். ஒரு வெற்றி, மூன்று சமன், ஒன்பது தோல்வி. அந்த ஒரு வெற்றி நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்ட்டுக்கு எதிராக, 3-0.

டாட்டன்ஹாம் ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். அவர்கள் கதையும் இதேதான். ரொமேரோவும் வான் டி வெனும் இல்லாததால், நடுக்கள ஆட்டக்காரரான 18 வயது ஆர்ச்சி கிரேயைத் தடுப்பின் நடுவில் நிறுத்துகிறார்கள். 2023 நவம்பரில் செல்சியோடு நடந்த அந்த 1-4 ஆட்டத்தில் வான் டி வென், மேடிசன் இருவரையும் ஒரே மாலையில் இழந்தபோதே அந்த அணி பாடம் படித்திருக்க வேண்டும். அதுவரை 10 லீக் ஆட்டத்தில் தோற்காமல் இருந்தவர்கள். ஒரு வருடம் கழித்தும் அதே இரண்டு தடுப்பாட்டக்காரர்களின் தொடையை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

ஜனவரியில் சிட்டி பணத்தை இறக்கும். பொறுத்திருந்து பாருங்கள்.

---

தடுப்புச்சுவர்
16 பிப்ரவரி 2025, காலை 9.25

இறக்கிவிட்டார்கள். குசானோவ், விட்டோர் ரெய்ஸ், மார்மூஷ், கடைசி நாளில் போர்ட்டோவிலிருந்து நிக்கோ கொன்சாலெஸ். நேற்று நியூகாசிலோடு 4-0, மார்மூஷ் மூன்று கோல், கொன்சாலெஸ் அந்த இடத்தில் நின்று பந்துகளைப் பறித்துக்கொண்டே இருந்தார். செப்டம்பர் முதல் பிப்ரவரிவரை இல்லாத ஒன்று ஓர் ஆட்டத்தில் தெரிந்தது.

கோடையில் வாங்கியிருந்தால் இதே ஆட்களுக்குப் பழகிக்கொள்ள ஆறு வாரம் கிடைத்திருக்கும். குசானோவ் வந்தவுடன் செல்சிக்கு எதிராக இறக்கப்பட்டு மூன்றாவது நிமிடத்தில் பந்தைத் தவறாகத் தலையால் தட்டி கோல் கொடுத்தார். 20 வயதுப் பையன், புதிய நாடு. அது அவசரத்தின் விலை.

ஆர்சனல் பற்றி அக்டோபரில் எழுதியிருந்தேன். ஜேசுசுக்கு ஜவ்வு போயிற்று, ஹாவெர்ட்சுக்குத் துபாய் முகாமில் தொடைத்தசை போயிற்று. நேற்று லெஸ்டருக்கு எதிராக இரண்டு கோல் போட்டது, ஸ்ட்ரைக்கராக இறக்கப்பட்ட மெரினோ.

---

மேற்குமாடி
21 மே 2025, இரவு 10.45

இழையை மறுபடி திறக்கிறேன். நேற்று போர்ன்மவுத் ஆட்டத்தில் கடைசி சில நிமிடங்களுக்கு ரோட்ரி இறங்கினார். மைதானமே எழுந்து நின்றது. டி புருய்னவுக்கு சொந்த மைதானத்தில் விடை கொடுத்த ஆட்டம் வேறு.

ஆனால் நான் எழுத வந்தது அதற்குப் பிறகு குவார்டியோலா சொன்னதைப் பற்றி. பெரிய அணி தனக்கு வேண்டாம், ஆட்களைக் குறைக்காவிட்டால் விலகிவிடுவேன் என்று கிளப்பிடம் சொல்லிவிட்டாராம். ஆடத் தகுதியுள்ளவர்களை ஆட்டத்துக்கு ஆட்டம் வீட்டில் உட்காரவைக்கத் தன்னால் முடியாது என்கிறார். இந்த வருடம் நடந்ததையெல்லாம் பார்த்த பிறகுமா?

---

தடுப்புச்சுவர்
21 மே 2025, இரவு 11.20

எனக்கு ஆச்சரியமில்லை. அவர் மாற மாட்டார். மூன்றாவது இடம், சாம்பியன்ஸ் லீக்கில் ரியால் மாட்ரிட்டிடம் வெளியேறியது, எஃப்ஏ கோப்பை இறுதியில் பேலஸிடம் தோல்வி. இதற்கு மேல் என்ன நடந்தால் மாறுவார்?

---

ஐஸ்கட்டி
22 மே 2025, காலை 7.40

நான் இந்த விஷயத்தில் பாதி அவர் பக்கம்.

25 பேரைப் பட்டியலில் எழுதிவிட்டு 14 பேரை மட்டும் ஆடவைத்தால், மீதி 11 பேர் ஆட்டத்துக்குத் தயாரில்லாத உடலோடு சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களை நவம்பரில் இறக்கினால் காயப்பட்டியல் நீளும். 19 பேரை வைத்துக்கொண்டு 19 பேரையும் ஆகஸ்டிலிருந்தே சுழற்றினால் நான் கைதட்டுவேன். குவார்டியோலா சிறிய அணி கேட்பதில் எனக்கு வழக்கில்லை. அந்தச் சிறிய அணியிலும் கொஞ்சம் பேரையே ஆடவைப்பதில்தான் வழக்கு. லிவர்பூல் இந்த வருடம் பட்டம் வென்றது பெரிய அணியை வைத்தா? கோடையில் அவர்கள் உடனே ஆடுவதற்கு வாங்கியது சியேசா ஒருவரைத்தான்.

---

ஆன்ஃபீல்டு அன்பன்
22 மே 2025, காலை 8.05

அக்கா சொல்வதை மறுக்க மாட்டேன், ஆனால் எங்கள் பக்கத்துக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. வான் டைக்கும் சாலாவும் ஏறக்குறைய எல்லா லீக் ஆட்டங்களிலும் ஆடினார்கள். அவர்களில் ஒருவர் செப்டம்பரில் விழுந்திருந்தால் இந்த இழை எங்கள் பெயரில் ஓடியிருக்கும்.

---

வியாசர்பாடி 10
22 மே 2025, காலை 9.15

அப்படியென்றால் சிட்டியில் யார் வெளியே போக வேண்டும்? ஓ’ரெய்லி போன்ற சின்னப் பையன்கள் இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கிறார்கள், அவர்களை விற்றுவிடப் போகிறார்கள் பாருங்கள். பால்மரை விற்றதுபோல.

---

கணக்குப்பிள்ளை
22 மே 2025, பிற்பகல் 1.30

தம்பி, விற்பதற்கு முன் இன்னொரு கணக்கு இருக்கிறது. லீக்கின் கடைசி ஆட்டம் இந்த ஞாயிறு, மே 25, ஃபுல்ஹாமில். 32 அணிகளின் கிளப் உலகக் கோப்பையில் சிட்டியின் முதல் ஆட்டம் ஜூன் 18, பிலடெல்பியாவில், விதாத் அணியோடு. நடுவில் நாட்டு அணி ஆட்டங்கள் வேறு. இறுதிவரை போனால் ஜூலை 13. ஆகஸ்டு நடுவில் அடுத்த லீக் தொடங்கிவிடும். போன வருடம் யூரோ இறுதியிலிருந்து லீக்குக்கு ஐந்து வாரம் இருந்தது, அதையே போதாது என்றோம்.

ஜூன் 18 அன்று ஏறக்குறைய எட்டு மாதம் வெளியே இருந்த ரோட்ரியை எத்தனை நிமிடம் ஆடவைக்கிறார் என்று பார்ப்போம். 20, 30 என்றால் சரி. தொண்ணூறும் ஆடவைத்தால், நெறியாளரே, இந்த இழையைப் பூட்டிவிடாதீர்கள்.